காபியா, கிரீன் டீயா: தமனிகளுக்கு எது நல்லது?

இரத்தப் பரிசோதனையில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் கைவைப்பது காபியில்தான். காபியை நிறுத்திவிட்டுக் கிரீன் டீக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக மாறலாம். ஆனால் எந்தக் காபியிலிருந்து மாறுகிறோம் என்பதைப் பார்க்காமல் மாறினால் பலன் எதுவும் கண்ணில் படாமலே போகலாம். பேப்பர் ஃபில்டரில் வடித்த காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பவர் கிரீன் டீக்கு மாறினால் தமனிக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் மிகச் சிறியது. காபித்தூளைக் கொதிக்கவிட்டு, வடிகட்டாமல், நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவருக்கோ அந்த மாற்றம் அடுத்த பரிசோதனையிலேயே தெரியக்கூடும். அதே ஆள் காபியை விடாமல் வடிக்கும் முறையை மட்டும் மாற்றினாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் பானத்தின் பெயரைவிட மூன்று விஷயங்களுக்கு நாங்கள் அதிக இடம் தருகிறோம்: காபி எப்படி வடிக்கப்படுகிறது, குடிப்பவரின் இரத்த அழுத்தம் எவ்வளவு, கோப்பையில் கூடவே என்ன விழுகிறது.

தமனிக்குள் நடப்பது

தமனியின் உட்பக்கத்தை ஒரே ஒரு செல் தடிமன் கொண்ட படலம் போர்த்தியிருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். இரத்த ஓட்டம் வேகமெடுக்கும்போது இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிடும். அது சுவரிலுள்ள தசையைத் தளர்த்தும், குழாய் விரியும். நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. படலம் பழுதுபட்டால் விரியும் திறன் குறையும். எல்டிஎல் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்கி, அங்கேயே ஆக்சிஜனேற்றம் அடையும். அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்களும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்வதுதான் கொழுப்புப் படிவு.

பானங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த விரியும் திறனைத்தான் அளக்கின்றன. கையில் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி வைத்திருந்து, சட்டென்று தளர்த்துவார்கள். ஓடிவரும் இரத்தத்துக்குக் கைத்தமனி எத்தனை சதவீதம் விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். இன்னொரு அளவு, நாடித்துடிப்பின் அலை தமனி வழியே பயணிக்கும் வேகம். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அந்த வேகம் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் தமனி விறைத்துவிட்டது என்று கணக்கு. இவை இரண்டும் வீட்டில் அளக்கக்கூடியவை அல்ல. நம் கைக்கு எட்டும் அளவுகள் எல்டிஎல்லும் இரத்த அழுத்தமும்தான். எந்தப் பானத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டு எண்களையும் அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால் போதும்.

காபியில் எல்டிஎல்லை ஏற்றும் எண்ணெய்

1983-இல் நார்வேயின் டிரோம்சோ நகரில் நடந்த ஆய்வு ஒன்று, காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று காட்டியது. மற்ற நாடுகளின் ஆய்வுகள் சிலவற்றில் அது தெரியவில்லை. காரணம் பிறகு புரிந்தது. அங்கே அப்போது பரவலாக இருந்தது கொதிக்கவைத்த காபி. காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கஹ்வியோல் என்று இரண்டு பொருள்கள் உள்ளன. இவற்றில் கஃபெஸ்டால்தான் முக்கியக் குற்றவாளி. கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிச் செலவழிக்கும் வேலையை அது மந்தப்படுத்துகிறது. கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் இருப்பு குறையாததால், இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளும் குறைகின்றன. எல்டிஎல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு ஏறும் என்பதற்கு நெதர்லாந்து ஆய்வாளர்கள் தந்த கணக்கு பயனுள்ளது: நாளுக்கு 10 மி.கி. கஃபெஸ்டால் உள்ளே போனால் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 5 மி.கி. ஏறும். கொதிக்கவைத்த காபி, அடியில் மண்டி தங்கும் துருக்கிக் காபி, ஊறிய தூளை உலோகச் சல்லடையால் அழுத்தி எடுக்கும் பிரெஞ்ச் பிரஸ் ஆகியவற்றில் கோப்பைக்குச் சுமார் 3 முதல் 6 மி.கி. இருக்கலாம். நான்கு மி.கி. என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து கோப்பைக்கு 20 மி.கி., அதாவது கொலஸ்ட்ராலில் 10 மி.கி. ஏற்றம். அதில் பெரும்பங்கு எல்டிஎல். மாத்திரை எடுத்தும் எல்டிஎல் இலக்குக்கு வராமல் விளிம்பில் நிற்பவருக்கு இந்தப் பத்து சின்ன விஷயமே அல்ல.

பேப்பர் ஃபில்டரில் வடிக்கும்போது எண்ணெய்த் திவலைகளும் நுண்துகள்களும் தூளிலும் காகிதத்திலும் தங்கிவிடுகின்றன. கோப்பையில் இறங்குவது ஒரு மில்லிகிராமில் மிகச் சிறிய பங்கு. இன்ஸ்டன்ட் காபியிலும் ஏறக்குறைய அப்படித்தான். இயந்திர அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரெசோவில் எண்ணெய் அடர்த்தி அதிகம். கோப்பை சிறியது என்பதால் ஒன்று குடித்தால் பெரிதாக ஏறாது. நாளுக்கு மூன்று முதல் ஐந்து என்று போகும்போது கொலஸ்ட்ரால் கூடுகிறது என்று 2022-இல் அதே டிரோம்சோவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. பெண்களைவிட ஆண்களிடம் அது கூடுதல்.

உலோக ஃபில்டரைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். தூளை அது தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. எவ்வளவு எண்ணெய் இறங்கும் என்பது துளையின் அளவு, தூள் எவ்வளவு கெட்டியாக அமர்ந்திருக்கிறது, நீர் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அலுவலக இயந்திரங்களிலும் இதே கதைதான். சுவீடனில் பணியிட இயந்திரங்களின் காபியைச் சோதித்து 2025-இல் வெளியிட்ட முடிவுகளில், உலோக வடிகட்டி வழியே காய்ச்சித் தரும் இயந்திரங்களின் கஃபெஸ்டால் அளவு பேப்பர் ஃபில்டர் காபியைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. வீட்டில் பேப்பர், வேலையில் இயந்திரம் என்று குடிப்பவர்கள் இரண்டாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கஃபீன் நீக்கிய காபியும் இதற்கு விலக்கல்ல. அதில் போனது கஃபீன் மட்டும். வடிகட்டாவிட்டால் கஃபெஸ்டால் அப்படியே இருக்கும்.

கஃபீனும் இரத்த அழுத்தமும்

240 மில்லி வடித்த காபியில் சுமார் 95 மி.கி. கஃபீன், அதே அளவு கிரீன் டீயில் சுமார் 30 மி.கி. பழக்கமில்லாதவர் ஒரே மூச்சில் 200 முதல் 300 மி.கி. எடுத்தால் மேல் அழுத்தம் எட்டு புள்ளி வரையும், கீழ் அழுத்தம் ஐந்தாறு புள்ளி வரையும் ஏறி, மூன்று மணி நேரமாவது நிற்கும். ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் அளந்து கண்ட எண்கள் இவை. நாள்தோறும் குடிப்பவர்களுக்கு சில நாள்களிலேயே உடல் பழகிவிடுவதால் ஏற்றம் சுருங்கும், எல்லோருக்கும் முழுமையாக மறையாது. ஆண்டுக்கணக்கில் மிதமாகக் காபி குடித்தவர்களுக்குப் புதிதாக உயர் இரத்த அழுத்தம் வருவது கூடவில்லை என்பதே நீண்டகால ஆய்வுகள் பெரும்பாலானவற்றின் முடிவு.

காபியில் கஃபீனுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு பொருளும் இருக்கிறது: கிளோரோஜெனிக் அமிலம். கருகக் கருக வறுத்தால் இது பெருமளவு சிதைந்துபோகும். இளவறுவலிலும் நடுவறுவலிலும் அதிகம் தங்கும். காபி குடித்த ஒரு மணி நேரத்தில் தமனியின் விரியும் திறன் சில ஆய்வுகளில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் மாறவில்லை. இந்த இழுபறிதான் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

தூக்கத்தையும் மறக்கக் கூடாது. கஃபீனின் பாதி உடலைவிட்டு வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் இன்னும் கூடுதலாகும். புகைபிடிப்பவர்களுக்கு இது வேகமாக வெளியேறும். அதனால் புகையை நிறுத்தியவர் பழைய அளவிலேயே காபி குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், பழியைப் புகையை நிறுத்தியதன்மேல் போட்டுவிடுவார். 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூறு பேரை ஒருநாள் காபி, ஒருநாள் காபி இல்லை என்று மாற்றி மாற்றி வைத்துக் கண்காணித்தார்கள். காபி குடித்த நாள்களில் தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. தொடர்ந்து தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தம் ஏறும், அதன் சுமை தமனிக்குத்தான்.

கிரீன் டீ உண்மையில் எவ்வளவு உதவும்?

கிரீன் டீயின் பலம் அதன் இலையிலுள்ள கேட்டெச்சின்கள் என்ற தாவரப் பொருள்கள். அவற்றில் முதன்மையானது ஈஜிசிஜி, ஒரு கோப்பையில் சுமார் 50 முதல் 100 மி.கி. வரை கிடைக்கும். இது எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடு தயாரிப்பதைத் தூண்டுகிறது. 2008-இல் ஏதென்ஸ் மருத்துவர்கள் 14 பேருக்கு ஒருநாள் 6 கிராம் இலையில் தயாரித்த கிரீன் டீயும், ஒருநாள் அதிலுள்ள அளவுக்குக் கஃபீன் மட்டுமும், ஒருநாள் வெந்நீரும் கொடுத்துப் பார்த்தார்கள். கிரீன் டீ குடித்த நாளில் மட்டும் தமனியின் விரியும் திறன் கூடியது. 30-ஆவது நிமிடத்தில் உச்சம். கஃபீன் தனியாக அதைச் செய்யவில்லை. நல்ல சேதிதான், ஆனால் 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 6 கிராம் இலை என்பது சாதாரணக் கோப்பைக்குப் போடுவதைப் போல மூன்று மடங்கு.

எல்டிஎல்லில் கிரீன் டீ தரும் குறைவு, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், டெசிலிட்டருக்கு 2 முதல் 5 மி.கி. மட்டுமே; மேல் இரத்த அழுத்தத்தில் குறைவது சுமார் 2 புள்ளி. எல்டிஎல் 160 இருப்பவருக்கு அந்தக் குறைவு ஒன்று முதல் மூன்று சதவீதம். மருத்துவர் எழுதித்தரும் ஸ்டாட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். கிரீன் டீயை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவது ஆபத்தான கணக்கு. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கேட்டெச்சின்கள் உடலில் குறைவாகவே உறிஞ்சப்படும், சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். காலையில் ஒரே பெரிய குவளையாகக் குடிப்பதைவிட மூன்று நான்கு சிறிய கோப்பைகளாக, பகல் முழுக்கப் பரப்பிக் குடிப்பது பொருத்தம்.

பெரிய ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 40,530 பேரைப் பின்தொடர்ந்த ஒசாகி ஆய்வு 2006-இல் வெளியானது. நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம், ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட, இதய இரத்தநாள மரணங்கள் ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 31 சதவீதமும் குறைவு. அந்தக் கோப்பை சிறியது, சுமார் 100 மில்லி. காபிப் பக்கம், நார்வேயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 20 ஆண்டுகள் கண்காணித்த முடிவுகள் 2020-இல் வந்தன. வடிகட்டிய காபி குடித்தவர்களிடம், காபியே குடிக்காதவர்களைவிட, இதய இரத்தநாள மரணம் ஆண்களில் 12, பெண்களில் 20 சதவீதம் குறைவு. நாளுக்கு ஒன்று முதல் நான்கு கோப்பை குடித்தவர்கள் நிலைதான் மிக நன்றாக இருந்தது. 60 வயதைத் தாண்டிய ஆண்களில், வடிகட்டாத காபி குடித்தவர்களிடம் மட்டும் இதய இரத்தநாள மரணம் கூடியிருந்தது. கஃபெஸ்டால் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

காபி தமனியை விறைக்கவைக்கும் என்ற பயத்துக்கு 2019-இல் பிரிட்டனிலிருந்து ஒரு பதில் வந்தது. 8,412 பேரின் தமனிகளை எம்ஆர்ஐ மூலமும் நாடி அலை மூலமும் சோதித்ததில், அதிகம் குடித்தவர்களின் தமனி குறைவாகக் குடித்தவர்களுடையதைவிட விறைப்பாக இல்லை. தென்கொரியாவில் இதய நோய் அறிகுறி எதுவும் இல்லாத சுமார் 25,000 பேரின் இதயத் தமனிகளில், கொழுப்புப் படிவின் அடையாளமான கால்சியப் படிவைப் பார்த்தபோது, நாளுக்கு மூன்று முதல் ஐந்து கோப்பை குடித்தவர்களிடம்தான் படிவு மிகக் குறைவு.

இந்த எண்களை அப்படியே வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை எல்லாம் மக்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்துக் குடித்ததைக் கவனித்தவை. நெஞ்சு படபடக்கிறது என்று காபியை ஏற்கெனவே விட்டவர்கள் 'குடிக்காதவர்கள்' பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள், அந்தப் பட்டியல் நோயாளிகளால் கனத்துவிடும். கிரீன் டீ அதிகம் குடிப்பவர் சாப்பாட்டிலும் நடையிலும் கவனமாக இருப்பவராக இருக்கலாம். காபியோடு சேர்த்தே சிகரெட் பிடிப்பவர்கள் ஏராளம், ஆய்வாளர்கள் எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் அந்தப் புகையின் தடம் முழுவதும் அழியாது. இந்த ஆய்வுகளிலிருந்து நாங்கள் துணிந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மிதமாக, வடிகட்டிக் குடிக்கும் காபியும், கிரீன் டீயும் பொதுவாகத் தமனிக்குக் கேடு செய்வதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது முக்கியமானது. ஜப்பானில் 18,609 பேரை ஏறத்தாழ 19 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தால் இதய இரத்தநாள மரண அபாயம் இரு மடங்கானது. ஒரு கோப்பைக்கு அப்படி இல்லை. கிரீன் டீ எத்தனை குடித்தாலும் எந்த அழுத்த நிலையிலும் அபாயம் கூடவில்லை.

யாருக்கு எது

அழுத்தம் 160/100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால், அது கட்டுக்குள் வரும்வரை கிரீன் டீ. காபியை விடவே முடியாது என்றால் ஒரு கோப்பை, அதற்கு மேல் வேண்டாம். இங்கே நாங்கள் தயங்குவதில்லை.

அழுத்தம் சரியாக இருந்து எல்டிஎல் மட்டும் உயர்ந்திருந்தால் காபியைக் கைவிடத் தேவையில்லை. பேப்பர் ஃபில்டருக்கோ, பால்பொடியும் சர்க்கரையும் கலக்காத இன்ஸ்டன்ட் காபிக்கோ மாறினால் போதும். கிரீன் டீ பிடித்தால் அதுவும் சரி.

இரண்டும் சரியாக இருப்பவர் பிடித்ததைக் குடிக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி. கஃபீன், ஒரே நேரத்தில் 200 மி.கி. என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உச்சமாக வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200. தூக்கம் சரியில்லாதவர் பிற்பகல் காபியை மட்டும் கிரீன் டீயாக மாற்றினாலே அந்தக் கோப்பையின் கஃபீன் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரவு படுக்கைக்கு எட்டு மணி நேரம் முன்பே கடைசிக் காபி முடிந்துவிட வேண்டும்.

நாளுக்கு நான்கைந்து காபியிலிருந்து ஒரேயடியாகக் கிரீன் டீக்குத் தாவினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம்வரைகூட இழுக்கும். பலர் மாற்றத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். மூன்று நான்கு நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

தயாரிக்கும் முறை

பேப்பர் ஃபில்டர் காபிக்கு 250 மில்லி நீருக்கு 15 கிராம் தூள். பொடி, சர்க்கரைப் பரல் அளவுக்கு இருக்க வேண்டும். காகிதத்தை முதலில் வெந்நீரில் நனைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். காகித வாடை போகும், காகிதமும் கூம்பில் ஒட்டி நிற்கும். நீர் கொதித்து அரை நிமிடம் ஆறிய சூட்டில், 92 முதல் 96 டிகிரியில், முதலில் தூள் நனையும் அளவுக்கு ஊற்றி, அரை நிமிடம் விட்டு, மீதியை வட்டமாகச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மொத்தம் மூன்று நான்கு நிமிடத்தில் இறங்கிவிடும். மாவாக அரைத்த தூளாக இருந்தால் காகிதம் அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும், அவசரத்தில் மேலும் ஊற்றும்போது காகித விளிம்பைத் தாண்டி வழிந்து, வடிகட்டாத காபியாகவே கீழே சேரும். மேலே எண்ணெய்ப் பளபளப்போ அடியில் மண்டியோ தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பயன்படுத்திய காகிதத்தைக் கழுவி மறுபடி போடாதீர்கள், மடிப்பில் கிழியும். வேறு முறையில் தயாரித்த காபியையும் கடைசியில் பேப்பர் ஃபில்டர் வழியே ஊற்றி எடுக்கலாம். மெதுவாக இறங்கும், ஆனால் எண்ணெயின் பெரும்பகுதி நின்றுவிடும்.

கிரீன் டீக்கு 200 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, 80 டிகிரி சூடு, இரண்டு மூன்று நிமிடம். வெப்பமானி இல்லையென்றால், கொதிநீர் மூன்று பங்குக்கு அறைச் சூட்டிலுள்ள நீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 80 வந்துவிடும். இன்னும் சூடான நீர் கேட்டெச்சினைக் கூடுதலாகவே இறக்கும் என்பது உண்மை. ஆனால் கசப்பும் சேர்ந்து இறங்கும். கசப்பைப் போக்கச் சர்க்கரையோ தேனோ போடத் தோன்றும். அங்கே லாபம் கைநழுவிவிடும். எலுமிச்சைச் சாறு சில துளி சேர்த்தால் கேட்டெச்சின் சிதைவது குறையும். புட்டியில் வரும் கிரீன் டீயில் கேட்டெச்சின் மிகக் குறைவாகவும் சர்க்கரை அதிகமாகவும் இருப்பது சகஜம். மாட்சாவில் இலையையே பொடியாக விழுங்குவதால் கேட்டெச்சினும் கஃபீனும் இரண்டுமே கூடும். அதைக் காபிக்கு இணையாகக் கணக்கிடுங்கள்.

இரண்டில் எதுவானாலும் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் இப்படி மிகச் சூடாகக் குடிப்பதை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணம் என்று வகைப்படுத்தியது.

கோப்பையில் கூடச் சேர்வது

இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 8 முதல் 10 கிராம். நான்கு கோப்பைக்கு 40 கிராம் வரை. சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறவும் எடை கூடவும் அந்த 40 கிராம் போதும். காபிக்கும் டீக்கும் உள்ள வித்தியாசம் இதன் முன்னால் சிறுத்துப்போகும். காபி, சர்க்கரை, பால்பொடி மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும் பொடிப் பொட்டலங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையும், பாலுக்குப் பதிலாகச் சேர்க்கும் கொழுப்புப் பொடியும்தான் இருக்கும். உறையில் ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

பாலைப் பொறுத்தவரை, 2007-இல் பெர்லினில் 16 பெண்களிடம் நடந்த ஆய்வில் கருப்புத் தேநீர் தமனிக்குத் தந்த பலனை, அதில் சேர்த்த பால் அழித்துவிட்டது. பால் புரதம் கேட்டெச்சினோடு பிணைவதே காரணம் என்றார்கள். பிற ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிப்படுத்தவில்லை. எப்படியும் கிரீன் டீக்குப் பால் பொருந்தாது, அதனால் சிக்கல் எழுவதில்லை. காபியில் கொஞ்சம் பால் சேர்ப்பதற்குப் பயப்படத் தேவையில்லை.

உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க

காலையில் கஃபீன் எதுவும் எடுக்காமல், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை இரத்த அழுத்தம் பாருங்கள். வழக்கமான காபியைக் குடித்துவிட்டு 30, 60, 120-ஆவது நிமிடங்களில் மறுபடி அளந்து எழுதுங்கள். மூன்று நாள் செய்தும் ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து புள்ளி ஏறினால் உங்கள் உடல் கஃபீனுக்கு அதிகம் எதிர்வினை காட்டுகிறது. கிரீன் டீயிலும் இதையே செய்து பாருங்கள், எது ஒத்துப்போகிறது என்று எண்களே காட்டிவிடும்.

எல்டிஎல்லுக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். சாப்பாடு, மாத்திரை, எடை எதையும் மாற்றாமல் வடிக்கும் முறையை மட்டும் மாற்றி, அதே ஆய்வகத்தில், முன்பு வெறும் வயிற்றில் கொடுத்திருந்தால் மறுபடியும் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். எல்டிஎல் தானாகவே பத்து சதவீதம் வரை ஏறி இறங்கக்கூடியது. அதற்குள் வரும் மாற்றத்தை வைத்து முடிவெடுக்காமல் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை எடுப்பவர்கள்

கிரீன் டீச் சாறு அடைத்த மாத்திரைகளைக் கோப்பைக்கு மாற்றாக நினைக்காதீர்கள். நாளுக்கு 800 மி.கி. ஈஜிசிஜியும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வடித்துக் குடிக்கும் டீயில் அந்தப் பிரச்சினை பொதுவாக வருவதில்லை.

கிரீன் டீ, காபி இரண்டுமே தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் அது சரியாக உறிஞ்சப்படாது, அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் திடீரென்று லிட்டர் கணக்கில் கிரீன் டீ குடிக்கத் தொடங்கினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். ஓரிரு கோப்பை, நாள்தோறும் ஒரே அளவில் என்றால் சிக்கல் குறைவு. இரத்த அழுத்தத்துக்கான நாடோலால் மருந்தில் நடப்பது இன்னும் கடுமை: 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாளுக்கு 700 மில்லி வீதம் இரண்டு வாரம் கிரீன் டீ கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு சுமார் 85 சதவீதம் சரிந்தது. அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் கிரீன் டீயைப் புதிதாகத் தொடங்குமுன் மருந்தின் பெயரையும், நாளுக்கு எத்தனை கோப்பை குடிக்கப்போகிறார் என்பதையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடங்கிய முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து எழுதி வர வேண்டும்.